ஆமாம்மா, ஆச்சு

பிள்ளையின் ஜடையை வேறு யாரோ பின்னியிருந்தார்கள்.

காலையில் பள்ளிக்கு அனுப்பும்போது அம்மாதான் பின்னிவிட்டாள். பிள்ளைக்கு ஆறு வயதுதான், ஆனால் முடி இடுப்பைத் தொட்டது. அவள் பின்னினால் வலப்பக்கத்துப் புரிதான் முதலில் மேலே ஏறும். ரிப்பன் முடிச்சு வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். இப்போது வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டபோது முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. உச்சியிலிருந்து விரலால் தடவிப் பார்த்தாள். புரிகளும் இடமிருந்துதான் தொடங்கியிருந்தன. கண்ணாடியில் தெரிகிற ஜடையை யாரோ பிடுங்கி இங்கே மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

வேறொருத்தி என்றால் கவனித்தே இருக்கமாட்டாள். இவள் நர்ஸ். கட்டு, முடிச்சு, நாடா என்றே காலம் தள்ளியவள். எந்தக் கட்டை எந்த நர்ஸ் போட்டாள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். சரியில்லாத கட்டாக இருந்தால் போட்டவளை அங்கேயே நிற்க வைத்துக் கேட்டும் விடுவாள். தெருவில் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கடுகு, யாரு ஜடை பின்னிவிட்டது? அத்தையா?"

எட்டாம் மாதமே அவசரப்பட்டு, உள்ளங்கை அகலத்தில் வந்து பிறந்ததால் அந்தப் பெயர். கடுகு இல்லை என்று தலையாட்டியது. இடது கையில் பென்சிலைப் பிடித்து, நாக்கை லேசாக நீட்டிக்கொண்டு, வீடு மாதிரி ஒன்றை வரைவதில் மும்முரமாக இருந்தது.

அத்தை என்பது கீழ் வீட்டில் இருக்கும் நாத்தனார். பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவருவது அவள் பொறுப்பு. விசாரித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானா? நல்லா கேட்டே போ. என் கை இருக்கிற இருப்புல சட்டைக்கு ஒரு பட்டன் போட முடியல, இதுல ஜடை வேற பின்றேனாக்கும்! வந்துச்சு, பாலைக் குடிச்சிச்சு, தூக்கம் வருதுன்னு மாடிக்குப் போச்சு. அப்புறம் சத்தமே இல்ல." பிறகு வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தாள். "ஏம்மா, இந்த இடது கைப் பழக்கம் யாருகிட்டேருந்து வந்துச்சு? எங்க பக்கத்துல யாருக்கும் கிடையாதே."

"எங்க சித்தப்பாகிட்டேருந்துதான்க்கா. அவரு இடது கைதான்."

அந்தச் சித்தப்பா பாவம். உயிரோடு இருந்தவரைக்கும் யாருக்கும் ஒரு துரும்பை எடுத்துப் போட்டதில்லை. செத்த பிறகு ஓய்வே இல்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் கன்னக் குழி அவர் கொடுத்தது, சுருட்டை முடி அவர் கொடுத்தது, இப்போது இடது கையும் அவர் கணக்கில் சேர்ந்தது. உண்மையில் அவருக்குத் தலையில் முடியே கிடையாது.

உண்மை அவளுக்கும் கணவனுக்கும் மட்டும் தெரியும். அவளுடைய சினைப்பையில் ஒன்றும் மிச்சமில்லை என்று ஆகிவிட்டபோது, அவள் வேலை செய்த அதே குழந்தைப்பேறு மருத்துவமனையில்தான் வழி சொன்னார்கள். கருமுட்டை இன்னொரு பெண் கொடுத்தது. விந்து கணவனுடையது. இரண்டையும் வெளியே சேர்த்து உருவான கருவை இவள் வயிற்றில் வைத்தார்கள். வாந்தி, வீக்கம், வலி, தையல், பால் கட்டிக்கொண்ட காய்ச்சல் எல்லாம் இவளுடையது. முகம் மட்டும் இவளுடையது இல்லை.

கணவனுக்கு இதெல்லாம் உறைப்பதே இல்லை. அவனுக்கென்ன, அவன் காது அச்சு அசலாகப் பிள்ளைக்கு வந்திருந்தது. "சுமந்தவ நீ, பெத்தவ நீ, அதட்டறவ நீ. இதுக்கு மேல என்ன வேணும்?" என்பான். அவளும் ஆமாம் என்று சிரிப்பாள். பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டும்போது சோப்பு நுரைக்குள் தேடுவாள். கால் விரல், முட்டிக்கால், முதுகெலும்பின் வளைவு, கொட்டாவி விடும்போது வாய் கோணுகிற விதம். ஏதாவது ஒன்று. ஒரே ஒன்று தன்னுடையதாக இருந்தால் போதும் என்று இருந்தது. அந்த வெந்நீர்ப் புகைக்குள் உட்கார்ந்து அவள் எத்தனையோ தடவை சத்தமில்லாமல் அழுதிருக்கிறாள்.

மறுநாளும் ஜடை மாறியிருந்தது. அதற்கு மறுநாளும்.

பிள்ளை தானே அவிழ்த்துப் பின்னிக்கொள்கிறதோ என்று நினைத்தாள். இடது கைக்காரப் பிள்ளை இடப்பக்கம்தானே தொடங்கும்? அந்த எண்ணம் வந்ததும் மனசு லேசாகிவிட்டது. ரிப்பனைக் கையில் கொடுத்து, "எங்க, ஒரு தடவை பின்னிக் காட்டு பார்ப்போம்" என்றாள். கடுகு மூன்று புரியாகப் பிரிப்பதற்குள் கையெல்லாம் முடியாகி, சிக்காகி, "வலிக்குதும்மா" என்று ரிப்பனைத் தூக்கி எறிந்தது. சிக்கை எடுத்துக்கொண்டே அவள் குனிந்தபோது பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து ஒரு வாசனை வந்தது. ஸ்பிரிட். ஈரப் பஞ்சு. அதற்கு அடியில், ரொம்ப நேரம் எதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு படுத்திருப்பவர்களின் மூச்சில் வருமே, அந்தப் புளித்த இனிப்பு. தன் கையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். நாள் முழுக்க அந்த வாசனைக்குள் இருப்பவளுக்குச் சந்தேகப்பட வேறு காரணம் இல்லை.

சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது.

அன்று மழைக்கால மதியம். அவளுக்கு விடுமுறை. துவைத்த துணி காயாமல் வீடு முழுக்கக் கொடியில் தொங்கியது. சுவர் ஓரங்களில் ஈரம் ஏறி, பழைய பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக உப்பியிருந்தது. கீழே நாத்தனாரின் ரேடியோவில் யாரோ நிதானமாக விலைவாசி பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மேலே குழாயில் சொட்டும் நீர் அந்தப் பேச்சுக்குத் தாளம் போடுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் பிள்ளை தூங்கியது. அங்கிருந்து அந்தச் சத்தம். சர்ர்ரென்று, கம்பியில் வளையங்கள் உரசிக்கொண்டு திரை நகரும் சத்தம்.

எழுந்துவிட்டது போல என்று நினைத்து, அடுத்த தட்டைக் கையில் எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வீட்டில் திரையே கிடையாது. ஜன்னல்களுக்கெல்லாம் மரக்கதவு. கம்பியும் வளையமும் பச்சைத் திரையும் அவள் வேலை செய்யும் இடத்தில், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

ஈரக் கையோடு போய்ப் பார்த்தாள். கடுகு கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஜடை பாதி பின்னியிருந்தது. மீதிப் புரிகள் மூன்றும் தனித்தனியாக, யாரோ விரலிடுக்கில் பிடித்திருந்து அப்போதுதான் விட்ட மாதிரி, மெல்லக் கீழே இறங்கின.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். குரல் வந்தது, ஆனால் தன் குரலாக இல்லை.

"யாரு கடுகு?"

"அவங்கதான்."

"எவங்க?"

"தூக்கம் தூக்கமா வருமே, அவங்க. கண்ண மூடிக்கிட்டே பின்னுவாங்க." பிள்ளைக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், சிரித்தது. "தலையில பேப்பர் தொப்பி போட்டிருப்பாங்க. சட்டைய முன்பக்கம் பின்பக்கமா மாத்திப் போட்டுக்கிட்டு நாடா கட்டியிருப்பாங்க. கை ஜில்லுன்னு இருக்கும்மா."

"உன்கிட்ட என்ன பேசினாங்க?"

"முடிஞ்சிடுச்சா, முடிஞ்சிடுச்சான்னு கேப்பாங்க."

"நீ?"

"நீ சொல்ற மாதிரிதான்." கடுகு குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பெரிய மனுஷியாகச் சொல்லிக் காட்டியது. "ஆமாம்மா, ஆச்சு. நீ தூங்கு."

அவள் கதவோரத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருந்தது. அவளுக்கு வேலை மயக்கம் தெளியும் அறையில். முட்டை எடுக்கவோ வேறு சின்ன சிகிச்சைக்கோ மயக்க மருந்து கொடுத்தவர்களை அங்கே கொண்டுவந்து படுக்க வைப்பார்கள். பாதித் தெளிவும் பாதித் தூக்கமுமாக அவர்கள் எதையாவது கேட்பார்கள். அந்த அறையில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது; சொன்னால் பதறி எழுந்து ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அதனால் எது கேட்டாலும் 'ஆமாம்மா, ஆச்சு.' அடுப்பை அணைச்சியா? ஆமாம்மா. பஸ் வந்திடுச்சா? வந்திடுச்சும்மா. ஒரு பள்ளித் தலைமையாசிரியை அவளைத் தன் மாமியார் என்று நினைத்துக்கொண்டு பழைய கோபத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். இவளும் சளைக்காமல், "ஆமாம்மா, எல்லாத் தப்பும் என்மேலதான்" என்று ஒப்புக்கொண்டாள். தெளிந்த பிறகு யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. அந்தத் தைரியத்தில்தான் அத்தனை வாக்குகளும்.

முட்டை கொடுப்பவளும் வாங்குபவளும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பது மருத்துவமனையின் விதி. அன்றைக்கு லீவு எடுத்துக்கொள் என்று பெரிய டாக்டரே சொல்லியிருந்தார். அவள் எடுக்கவில்லை. விந்து கொடுக்கக் கணவனைக் காலையில் மேல்மாடிக்கு வரச்சொல்லியிருந்தார்கள்; கீழே முட்டை எடுக்க வந்திருந்ததோ ஒரே ஒரு பெண். கண்டுபிடிப்பதற்குப் பெரிய மூளை வேண்டியிருக்கவில்லை. முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

சின்னப் பெண். கன்னத்தில் குழி. கையில் ஊசி ஏற்றப் போனபோது இடது கையை இழுத்துக்கொண்டாள். "அந்தக் கை வேண்டாங்கக்கா. அதாலதான் பொழப்பு. பார்லர்ல தலை அலங்காரம் பண்றேன்." சரி என்று வலது புறங்கையில் ஏற்றி, வெள்ளை பிளாஸ்டர் ஒட்டினாள்.

எல்லாம் முடிந்து கொண்டுவந்து படுக்க வைத்தபோது மருந்து இன்னும் இறங்கவில்லை. அவள் திரையை இழுத்து மூடிவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"ஆமாம்மா, ஆச்சு."

"பொண்ணாத்தான் இருக்கும். எங்க வீட்டுல எல்லாருக்கும் முடி அவ்வளவு அழகா இருக்கும்."

"ஆமாம்மா."

"நான் வந்து தலை பின்னிவிடட்டுமா? சும்மா பின்னிட்டுப் போயிடறேன்."

"வாம்மா. எப்ப வேணும்னாலும் வா."

"அவங்க அம்மா திட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க" என்றாள் அந்த அம்மா.

பெண் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். முட்டை வளரப் போட்ட ஊசிகள் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றில் நீர் கட்டி, நுரையீரலில் ரத்தம் உறைந்து, கொஞ்ச நாளில் வேறொரு மருத்துவமனையில் இறந்துபோனாள். கடைசிவரை அரை மயக்கத்திலேயே எதையோ கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். டீ குடிக்கும் இடத்தில் எல்லோரும் ஒரு வாரம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அதற்குள் கரு இவள் வயிற்றில் இருந்தது. அழுதால் கலைந்துவிடுமோ என்று பயந்து அவள் அழக்கூட இல்லை. செத்துப்போன ஒரு பெண்ணுக்காக அழாமல் இருந்துதான் இந்தப் பிள்ளையைப் பெற்றாள்.

இப்போது அந்தப் பெண் வந்திருக்கிறாள். வரச்சொன்ன வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே அவள் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். ஜடையின் மேலும் கீழும் ரிப்பனால் இறுகக் கட்டிவிட்டு, காதோரமாக வெட்டினாள். முடி அடர்த்தி, கத்தரிக்கோல் கறுக் கறுக்கென்று மென்று மென்றுதான் உள்ளே போனது. கடுகு அழும் என்று எதிர்பார்த்திருந்தாள். அழத்தான் செய்தது.

"வளந்துடும் செல்லம். இந்த மழைக்குச் சீக்கிரம் காயும்."

"எனக்காக இல்லம்மா." மூக்கை உறிஞ்சியது. "அவங்க வந்து தேடுவாங்க. பாவம் இல்லையா?"

அந்த 'பாவம்' அவளுக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. பின்னிவிட்டுப் போகிறேன் என்றுதானே அந்தப் பெண் சொன்னாள், வேறெதையும் கேட்கவில்லையே. ஆனால் ஜடையில் தொடங்குவது ஜடையோடு நிற்குமா? நாளைக்கு இந்தப் பிள்ளை அம்மா என்று எந்தப் பக்கம் திரும்பும்? வெட்டிய ஜடையைத் தூக்கிப் போட மனசு வராமல் அலமாரி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

கணவன் வந்து பார்த்துவிட்டு, "என்ன இது, உரிச்ச கோழி மாதிரி பண்ணிவச்சிருக்க?" என்றான். அப்புறம் பிள்ளையின் வெறும் காதுகளைப் பார்த்து, அவனுக்கே உரிய அந்தக் காதுகளைப் பார்த்து, சந்தோஷமாகிவிட்டான்.

அடுத்த நாள் ஜடை இல்லை, மாறுவதற்கு எதுவும் இல்லை. அதற்கடுத்த நாளும் அமைதி. உள்ளறையில் வாசனை இல்லை. கடுகு மட்டும் தூங்கி எழுந்ததும் அறையின் மூலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. ஒழிந்தது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கமும் பட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ நடுமாடியில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று கிளம்பிப் போய்விட்டான். இன்னும் இருட்டவில்லை, ஆனால் வெளிச்சம் சாயம் போன துணி மாதிரி இருந்தது. மின்சாரம் போனது. கீழே ரேடியோவும் பாதிச் சொல்லில் நின்றது. பிள்ளை உள்ளே தூங்கியது. அவள் முன்னறையில், முதுகுக்குக் குச்சி குச்சியாகச் சட்டம் வைத்த மர நாற்காலியில் சாய்ந்து, அவிழ்ந்த தலைமுடியை உலரப் பின்னால் தொங்கவிட்டு, கூரைத் தகரத்தில் மழை கொட்டுவதையும் அது இடையில் மூச்சு வாங்குவதையும் கேட்டபடி, ரெண்டு ஷிஃப்ட் பார்த்த அலுப்பில் கண் செருகிக்கொண்டிருந்தாள்.

சர்ர்ர்.

கண்ணைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை.

ஸ்பிரிட் வாசனை. ஈரப் பஞ்சு. புளித்த மூச்சு, தலைக்கு நேர் மேலே.

விரல்கள்.

அவள் முடிக்குள் விரல்கள். ஐஸ் மாதிரி. மெதுவாக, தொழில் தெரிந்த விரல்கள், நோகாமல் சிக்கெடுத்து மூன்றாகப் பிரித்தன. இடப்பக்கம் முதலில். கழுத்தில் ஏதோ சொரசொரவென்று உரசியது. பிளாஸ்டர். வலது புறங்கை.

"முடிஞ்சிடுச்சா?"

நாக்கு தடித்த குரல். மருந்து இன்னும் இறங்காத குரல். அதைக் கேட்டதும் அவள் வாய் தானாகத் திறந்தது. அத்தனை வருடப் பழக்கம்.

"ஆமாம்மா, ஆச்சு."

"பாப்பாவுக்கு முடியே இல்லையேக்கா." விம்மல். பின்னுகிற கை நிற்காமல் விம்மல். "தேடித் தேடிப் பாத்தேன். முடி எங்கக்கா?"

"இருக்கும்மா. அலமாரில இருக்கு."

"பாப்பா?"

வேண்டாம். சொல்லாதே. நாக்கைக் கடி.

"உள்ள தூங்கறாம்மா."

விரல்கள் நின்றன. சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

வெறுங்காலடி. ஈரப் பாதம் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். அவளைத் தாண்டி. உள்ளறை வரை. பூட்டிய இழுப்பறை திறந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

எழுந்தாள். தலை பின்னால் வெடுக்கென்று இழுபட்டது. கையை விட்டுப் பார்த்தாள். ஜடை. அவளுடைய ஜடை, நாற்காலிச் சட்டங்களுக்குள் நுழைந்து நுழைந்து, சட்டத்தோடு சட்டமாகப் பின்னி, நுனியில் நாடா. மருத்துவமனைச் சட்டையின் நாடா. இடக்கை முடிச்சு. கத்தரிக்கோல் எட்டாத மேஜையில்.

"கடுகு! கடுகு, எழுந்திரும்மா!"

கத்தினாள். மழை அதை வாங்கிக்கொண்டது.

உள்ளே அந்தக் குரல் கேட்டது. கெஞ்சுகிற குரல். தூக்கத்தில் அழுகிற குரல்.

"என்கூட வர்றியா? எனக்குத் தெளியவே மாட்டேங்குது. தனியா இருக்க முடியல. வர்றியா?"

அப்புறம் பதில்.

"ஆமாம்மா. வர்றேன். நீ அழாத, தூங்கு."

அது அவள் குரல். கடுகின் தொண்டையிலிருந்து வந்த அவளுடைய குரல். 'ஆமாம்மா'வில் அந்த லேசான இழுப்பு, கடைசிச் சொல்லைத் தட்டிக்கொடுப்பதுபோல் தாழ்த்துகிற விதம், எதிரே இருப்பவர் வலிக்குத் தலையைக் கோதிவிடுகிற அந்தப் பொய். எதுவும் மாறவில்லை. ஆறு வருடமாகச் சோப்பு நுரைக்குள் தேடிய ஒன்று. தன்னுடையதாக ஒரே ஒன்று இருந்தால் போதும் என்றிருந்தாளே, அது. பிள்ளை முழுக்க முழுக்க அவள் பிள்ளைதான். அவளிடமிருந்து அது கற்றுக்கொண்டது அதைத்தான்.

அவள் இழுத்தாள். கண்ணில் பொறி பறந்தது. முடி கொத்தாகச் சட்டத்தில் தங்க, மண்டைத் தோல் கிழிந்து, கழுத்தில் வெதுவெதுவென்று வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள்.

அறையின் நடுவில் திரை தொங்கியது. பச்சைத் திரை. மேலே கம்பி இல்லை, வளையங்கள் மட்டும் இருட்டில் மினுங்கின. திரைக்குக் கீழே, தரையில் படியாமல், நுனிவிரலில் நிற்கும் இரண்டு வெளிறிய பாதங்கள்.

கடுகு திரைக்கு இந்தப் பக்கம், அவளைப் பார்த்தபடி நின்றது. கண்கள் மூடியிருந்தன. வலது புறங்கையில் புதிதாக ஒட்டிய வெள்ளை பிளாஸ்டர். குட்டை முடியின் ஒவ்வொரு கற்றையோடும் சேர்த்து, வெட்டி வைத்திருந்த ஜடையை யாரோ நேர்த்தியாகப் பின்னியிருந்தார்கள். ஜடை இடுப்போடு முடியவில்லை. அதன் நுனியில் இன்னொரு முடி சேர்ந்திருந்தது. நீளமான, ஈரமான, வேறொருத்தியின் முடி. அது தரையில் நெளிந்து, திரைக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் மேலே ஏறிப் போனது.

அவள் பாய்ந்து பிள்ளையின் இடது கையைப் பிடித்தாள். சின்னக் கை, இன்னும் சூடாக இருந்தது. தரையில் கிடந்த முடி மெல்ல எழும்பி விறைத்தது. பிள்ளையின் தலை, வலிக்காத அளவுக்கு, பின்னால் சாய்ந்தது.

"அம்மா" என்றது கடுகு, நாக்கு தடித்து. "முடிஞ்சிடுச்சா?"

அவள் உதட்டைக் கடித்தாள். இந்தத் தடவை சொல்லவில்லை. உயிரே போனாலும் சொல்லமாட்டாள். இரண்டு கைகளாலும் அந்தச் சின்னக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

பிள்ளை கண்ணை மூடியிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா, ஆச்சு" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. வளையங்கள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின.